ஊர் திரும்புதல்: வடக்கு கிழக்கு மீள்குடியேற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரால் ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவது பற்றி தமிழ்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும், ஏன், யாழ்ப்பாணத்திலேயே அடுத்த தெருவிலிருந்தும் ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. காணிக் கதை கொஞ்சம் நீளும். விஷயத்தில் முக்கால்வாசி அதுதான்.

போர் முடிந்தது 2009இல். இடம்பெயர்வும் அந்த ஆண்டில்தான் நடந்ததா?

இல்லை, 2009 கடைசி அலை. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்தில் பலாலி ராணுவ முகாமைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் போட்டது போட்டபடி வெளியேறினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. 2006இல் திருகோணமலையின் சம்பூர், 2007இல் மன்னாரின் முள்ளிக்குளம், 2008-09இல் வன்னி. நடுவே 2004 சுனாமி வேறு.

இவற்றில் இரண்டு மூன்றில் மாட்டிய குடும்பங்கள் ஏராளம். மயிலிட்டியில் பிறந்து, மல்லாகத்தில் கொட்டில் போட்டு, கிளிநொச்சியில் கடை வைத்து, முள்ளிவாய்க்கால் வழியாக வவுனியாவுக்கு வந்தவரிடம் "எந்த ஊருக்குத் திரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

அரசாங்கம் 2008 ஏப்ரலை ஒரு கோடாக வைத்தது. அதற்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் "பழையவர்கள்", பின்னர் வந்தவர்கள் "புதியவர்கள்". உதவிகளில் பெரும்பகுதி புதியவர்களுக்குப் போனது. 18 ஆண்டாக முகாமில் கிடந்தவர் வரிசையின் பின்னால் போனார். இந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது.

அகதிக்கும் இடம்பெயர்ந்தவருக்கும் என்ன வேறுபாடு?

நாட்டின் எல்லையைத் தாண்டியவர் அகதி, நாட்டுக்குள்ளேயே ஊர் மாறியவர் இடம்பெயர்ந்தவர். முன்னவருக்கு 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. பின்னவருக்கு ஐநா 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள்தான். அவை எந்த அரசாங்கத்தையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் தன் விருப்பத்தோடும் பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் திரும்பும் உரிமை, திரும்பாமல் வேறிடத்தில் வாழும் உரிமை, விட்டு வந்த சொத்தைத் திரும்பப் பெறும் உரிமை ஆகியவை அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன.

2012இல் மெனிக் பாம் மூடப்பட்டதோடு மீள்குடியேற்றம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்களே?

சொன்னார்கள். வவுனியாவின் செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாம்களில் 2009இல் அடைக்கப்பட்டவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். முட்கம்பிக்கு உள்ளே இருந்த அவர்களை வெளியே விட்டதே ஒரு பெரிய விஷயம்தான். ஆனால் கணக்கு வைத்த முறையைப் பாருங்கள். ஒருவரை பஸ்ஸில் ஏற்றி அவருடைய மாவட்டத்தில் இறக்கிவிட்டால் அவர் "மீள்குடியேறியவர்", பட்டியலில் இருந்து பெயர் போய்விடும். இறங்கிய இடம் அவருடைய சொந்த வளவா, பள்ளிக்கூடக் கட்டடமா, மாமியார் வீட்டு முற்றமா என்று அந்தப் பட்டியல் கேட்காது.

கடைசியாக 2012 செப்டெம்பரில் மெனிக் பாமிலிருந்து கிளம்பிய முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஊரில் ராணுவத் தலைமையகம் இருந்தது. அவர்களைக் கொண்டுபோய் சீனியாமோட்டை என்ற காட்டுப்பகுதியில் இறக்கினார்கள். முகாம் மூடியாயிற்று, கணக்கும் முடிந்தது. அவர்கள் சொந்த ஊரின் வாசலில் போய் உட்கார்ந்து போராட இன்னும் நாலரை ஆண்டு இருந்தது.

என்னைக் கேட்டால், திரும்புதலின் உண்மையான வேலை பெயர் வெட்டப்பட்ட அந்த நாளில்தான் தொடங்குகிறது. காணிப் பத்திரம், தொழில், பக்கத்து வளவுக்காரருடன் உறவு என்ற மூன்றில் ஒன்று பிசகினாலும் வந்தவர் நிலைக்க மாட்டார்.

திரும்பிய குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?

2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பியவர்களுக்கு ஐநா அகதிகள் முகமை வழியாக 25,000 ரூபா, அதுவும் இரண்டு தவணையில். கொஞ்சம் கூரைத் தகரம், சில மூட்டை சீமெந்து, ஆறு மாத உலர் உணவு. அப்புறம் வந்தது இந்திய வீட்டுத் திட்டம். மொத்தம் 50,000 வீடுகள். அவற்றில் ஏறத்தாழ 46,000 வடக்கு கிழக்குக்கு, மீதி மலையகத்துக்கு. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று, கூரைக்கு இன்னொன்று. கொந்தராத்துக்காரர் வந்து கட்டிக்கொடுப்பதைவிட இது நல்ல முறை. யார் வீட்டை யார் கட்டுகிறார் என்ற மரியாதை அதில் இருந்தது.

ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதால் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறின. இருந்த கொஞ்ச நகையும் அடகுக் கடைக்குப் போனது. தொழில் வருவதற்கு முன் வீடு வந்ததால், வீடு கடனோடு வந்தது.

20 ஆண்டு காடு மண்டிய ஊரில் தன் வளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிணற்றை வைத்துத்தான். கதியால் வேலி உக்கிப்போயிருக்கும், எல்லைக் கல்லை யாராவது பிடுங்கியிருப்பார்கள், ஒழுங்கை இருந்த இடத்தில் ராணுவம் அகலத் தெரு போட்டிருக்கும். வலிகாமம் வடக்கில் பல இடங்களில் வீட்டின் அத்திவாரம்கூட இல்லை. கூரை மரம், யன்னல், கதவு நிலை எல்லாம் கழற்றப்பட்டு, மிச்சம் புல்டோசரால் தள்ளப்பட்டிருந்தது. கிணறு மட்டும் தூர்ந்தாவது கிடக்கும். "எங்கட கிணத்துக்கட்டில துலாவுக்கு இரண்டு தூண், பக்கத்து வீட்டில ஒன்றுதான்" என்று ஒரு கிழவி சொல்ல, அதை ஒப்புக்கொள்ள இன்னொரு கிழவி வேண்டும். அந்த இரண்டாவது கிழவி கனடாவில் இருந்தால் தொலைபேசியில் படம் அனுப்பிக் கேட்பார்கள்.

கிணறு கிடைத்தால் அதிலிருந்து அளந்து வருவார்கள். உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், "கிழக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் காணி, உள்ளடங்கிய பனை, வடலி, கிணற்றில் பங்கு" என்று எழுதியிருக்கும். இத்தனை பரப்பு என்றும் இருக்கும். 16 பரப்பு ஒரு ஏக்கர். அப்படியும் ஒத்துவராவிட்டால் நில அளவையாளரைக் கூப்பிட வேண்டும். அதற்குக் காசு வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் எல்லோரும் வந்து நின்றால்தான் எல்லை போட முடியும். பலர் நாட்டிலேயே இல்லை. சின்ன வேலை போலத் தோன்றும் இது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

கண்ணிவெடி அபாயம் இன்னும் இருக்கிறதா?

பெருமளவு அகற்றப்பட்டுவிட்டது. நீண்டகாலம் முன்னரங்காக இருந்த முகமாலைதான் மிக மோசமான இடம். சர்வதேச நிறுவனங்களும் உள்ளூர் நிறுவனங்களும் ராணுவப் பிரிவும் இந்த வேலையைச் செய்தன. மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியவர்களில் கணவனை இழந்த பெண்கள் கணிசமானோர். சொந்த ஊரின் மண்ணைச் சுத்தம் செய்து அதற்குச் சம்பளமும் வாங்கினார்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. மீதியை 2028க்குள் முடிக்க வேண்டும்.

உறுதி தொலைந்துவிட்டது. காணி போய்விட்டதா?

போகவில்லை. தனியார் காணி என்றால், உறுதியை எழுதிய நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். ஊர் வழக்கில் காணிக் கந்தோர். அங்கே தேடி, அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமோ பதிவுப் பக்க இலக்கமோ தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் காணியின் பெயரையும் பழைய உரிமையாளர் பெயரையும் வைத்துத் தேட வேண்டும். நொத்தாரிசு உயிரோடு இருந்தால் அவரிடமும் மூலப் பதிவு இருக்கும்.

அரச காணி என்றால் கதை வேறு. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட். அதன் பதிவேடு பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். "வேண்டும்" என்று சொல்லக் காரணம், போரில் வன்னி அலுவலகங்கள் பலவற்றின் ஆவணங்களும் அழிந்தன. அப்போது பழைய வாக்காளர் பட்டியல், பங்கீட்டு அட்டை, பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவு, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், அயலவர் சாட்சி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். எந்தக் கடதாசியையும் எறியாதீர்கள். மங்கிப்போன நிவாரண அட்டைகூட ஒருநாள் உதவும்.

என் காணியில் வேறொரு குடும்பம் இருக்கிறது. எழுப்பலாமா?

சட்டம் ஓரளவு உங்கள் பக்கம். இலங்கையில் ஒருவர் இன்னொருவரின் தனியார் காணியை 10 ஆண்டு தடையின்றி ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம். போரால் ஓடியவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்பதால் 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலால் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது அது. நல்ல சட்டம். ஆனால் பயன்படுத்த 2 ஆண்டு அவகாசம்தான் கொடுத்தார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்ததே பலருக்கு அவகாசம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

இனி சட்டத்தை விட்டு ஆட்களைப் பார்ப்போம். உங்கள் காணியில் இருப்பவர் யார்? பல இடங்களில் அவரும் இடம்பெயர்ந்தவர்தான். தன் ஊரை ராணுவம் வைத்திருப்பதால் இங்கே கொட்டில் போட்டவர். சிலருக்கு அந்தக் காணியைப் புலிகளின் நிர்வாகம் கொடுத்திருந்தது. சிலர் 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்து, வேலிக்காரராகவும் கூலிகளாகவும் அதே காணியைக் காடு வெட்டித் திருத்தியவர்கள். அவர்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. உறுதி வைத்திருப்பவர் லண்டனில். உழுதவர் கொட்டிலில். இதில் யார் பக்கம் நியாயம் என்று ஒரு வரியில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

நீதிமன்றத்துக்குப் போகுமுன் மத்தியஸ்த சபையை நாடலாம். காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட சபைகளும் அமைக்கப்பட்டன. அங்கே நடப்பது பெரும்பாலும் பேரம்தான். ஒரு மூலையில் இரண்டு பரப்பு எழுதிக்கொடுப்பது, வைத்த தென்னைக்குப் பணம் கொடுப்பது, மாற்றுக் காணி கிடைக்கும்வரை அவகாசம் கொடுப்பது. சமாதானம் கட்டுவது என்று மாநாடுகளில் பேசுகிறார்களே, அது உண்மையில் நடக்கும் இடம் இந்த மரவாங்குகள்தான்.

ராணுவம் பிடித்த காணி எப்படி விடுபடுகிறது?

சட்டத்தால் கொஞ்சம், அரசியலால் கொஞ்சம், மக்கள் வாசலில் போய் உட்கார்ந்ததால் மிச்சம்.

வலிகாமம் வடக்கில் 2013இல் ஏறத்தாழ 6,380 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்கள் யாரென்று தெரியவில்லை என்பது அறிவித்தலில் சொன்ன காரணம். உரிமையாளர்கள் சில மைல் தள்ளி முகாமில் இருந்தார்கள். 2,000க்கும் மேற்பட்டோர் வழக்குப் போட்டார்கள். 2015இல் ஆட்சி மாறியபின் கட்டம் கட்டமாக விடத் தொடங்கினார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுக்குப் பிறகு மக்களிடம் வந்தது. ஆனால் இன்னும் ஒரு பகுதி விடப்படவில்லை. தையிட்டியில் மக்களின் தனியார் காணியில் கட்டப்பட்ட பௌத்த விகாரை புதுப் பிணக்காக வளர்ந்து, போயா (பௌர்ணமி) நாட்களில் போராட்டம் நடக்கிறது.

சம்பூரில் தடையாக நின்றது முகாம் மட்டுமல்ல. 2006இல் ஓடியவர்களின் ஊரை முதலீட்டு வலயமாக அறிவித்து, பக்கத்தில் இந்தியக் கூட்டில் நிலக்கரி மின்நிலையமும் வருவதாக இருந்தது. மக்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் 9 ஆண்டு கிடந்தார்கள். 2015இல் 818 ஏக்கர் விடப்பட்டது, அடுத்த ஆண்டுக்குள் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும். மின்நிலையத் திட்டமும் கைவிடப்பட்டது.

அப்புறம் 2017. கேப்பாப்புலவின் ஒரு பகுதியான பிலக்குடியிருப்பு மக்கள் ஜனவரி கடைசியில் விமானப்படை முகாமின் வாசலில் குடும்பம் குடும்பமாகப் படுத்துவிட்டார்கள். பிள்ளைகள் அங்கேயே பாடம் படித்தார்கள், சமையலும் அங்கேயே. ஒரு மாதத்தில் கேற் திறந்தது. அதைப் பார்த்து முள்ளிக்குளம், இரணைதீவு, கேப்பாப்புலவின் மற்றப் பகுதி என்று போராட்டம் பரவியது. இரணைதீவு மக்கள் 1992இல் தீவைவிட்டு வந்து கரையில் இரணைமாதா நகரில் இருந்தவர்கள். ஓராண்டு போராடியும் பதில் வராததால் 2018 ஏப்ரலில் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் நேரே தீவுக்குப் போய், பாழடைந்த மாதா கோயிலில் செபம் சொல்லி, "இனித் திரும்பமாட்டோம்" என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். கடற்படை தடுக்கவில்லை.

முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அரசியல்வாதிகள் பந்தலுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் திரும்பிவிட்டார்களா?

ஒரு பகுதியினர்தான். இந்தக் கேள்வியைத் தமிழர்கள் குறைவாகவே கேட்கிறோம், அதனால் பதில் நீளமாக இருக்கட்டும்.

எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணம் சோனகதெருவில் இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். கையில் சில நூறு ரூபா மட்டும், நகைகள் பிடுங்கப்பட்டன. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். 2002 சமாதான காலத்தில் புலிகள் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது, திரும்பி வரலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் பெரிய அளவில் திரும்பத் தொடங்கியது 2009க்குப் பிறகுதான்.

திரும்பியபோது நடந்தது இது. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள், பிள்ளைகள் கட்டி, பேரப்பிள்ளை கண்டு, நான்கு குடும்பமாக வந்தார்கள். காணி அதே இரண்டு பரப்பு. வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தால் "நீங்கள் இங்கே நிரந்தரமாக இருக்கவில்லையே" என்றார்கள். நிரந்தரமாக இருக்க வீடு வேண்டுமே! வடக்கில் பதிந்தவுடன் புத்தளத்தில் நிவாரணம் வெட்டப்பட்டது. பிள்ளை புத்தளத்தில் படிக்கிறது, தகப்பன் மன்னாரில் காடு வெட்டுகிறார். இப்படி இரண்டு ஊரில் கால் வைத்திருப்பவர்களைப் பார்த்து "இவர்களுக்குத் திரும்ப மனமில்லை, காணி பிடிக்கத்தான் வருகிறார்கள்" என்று நம் அதிகாரிகள் சிலர் சொன்னார்கள். அதே சொல்லைச் சிங்கள அதிகாரி ஒருவர் நம்மைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஊர் என்ன கொதி கொதித்திருக்கும்?

மன்னாரின் முசலியில் இன்னொரு சிக்கல். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்களில் 20 ஆண்டில் காடு வளர்ந்துவிட்டது. அந்த இடங்களை 2012இலும் 2017இலும் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் (அரசிதழில்) போட்டார்கள். ஊருக்குத் திரும்பி வளவைத் துப்புரவாக்கினால் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று தெற்குத் தொலைக்காட்சிகள் கத்தின. சில இடங்களில் உண்மையிலேயே காடு வெட்டப்பட்டிருக்கலாம். ஆனால் பள்ளிவாசல் இடிபாடும் கிணறும் இருக்கும் இடத்தைக் காடு என்று எப்படிச் சொல்வது?

வாக்களிக்கக்கூட அவர்கள் புத்தளத்திலிருந்து பஸ் பிடித்து மன்னாருக்கு வர வேண்டியிருந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலன்று அப்படி வந்த பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

திரும்பியவர்களின் தொழில் எப்படி? மீன்பிடிதானே பிரதானம்?

கரையோரத்தில் ஆம். போர்க்காலத்தில் கடல் தடை, நேரக் கட்டுப்பாடு, பாஸ். அது எல்லாம் நீங்கி வலையோடு கடலுக்குப் போனால், எதிரே தமிழ்நாட்டு இழுவைப் படகுகள். வழக்கமாகத் திங்கள், புதன், சனி இரவுகளில் வரும். அந்த நாட்களில் நம் ஆட்கள் கடலுக்குப் போகப் பயப்படுவார்கள். போனால் பல லட்சம் பெறுமதியான வலை அறுந்துபோகும். அவர்களின் இழுவைமடி அடிமண்ணை வாரிக்கொண்டு போவதால் நாளைய மீனும் போய்விடும். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது, ஆனாலும் வருகை நிற்கவில்லை. ராமேஸ்வரத்துக் கூலி மீனவரைக் கடற்படை சுடுவதும் அடிப்பதும் கொடுமை. அதில் சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாட்டு வாசகர்கள் இந்தப் பக்கத்துக் கதையையும் கேட்க வேண்டும். இங்கே வலை அறுபடுவதும் தமிழனுக்குத்தான்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் திரும்பலாமா?

ஐநா அகதிகள் முகமையின் சென்னை அலுவலகம் வழியாகத் தன்விருப்பில் திரும்புவோருக்கு விமானச் சீட்டும் சிறு தொகையும் கொடுக்கப்பட்டு வந்தன. இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயணப் பத்திரமும் இந்திய அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதியும் எடுக்க வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு முதலில் பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமை பெறுங்கள். இதை விட்டுவிட்டு வந்தால் இங்கே அடையாள அட்டை எடுக்க அலைய வேண்டிவரும்.

திரும்பியவர்கள் கொஞ்சம்தான். முகாம்களில் மட்டும் அரை லட்சத்துக்கு மேல் இன்னும் இருக்கிறார்கள். 1990இல் மண்டபம் முகாமில் வந்து இறங்கியவரின் பேரப்பிள்ளை சென்னையில் கல்லூரிக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு மன்னார் ஒரு கதை. இந்தியக் குடியுரிமையும் சுலபமில்லை. 2019 திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இந்த நிலையில், 2025இல் முறைப்படி ஐநா முகமை வழியாக வந்த ஒரு முதியவரை, அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் கைதுசெய்தார்கள். உயிருக்குப் பயந்து படகில் ஓடியவன் குடிவரவு அதிகாரியிடம் முத்திரை குத்திக்கொண்டா போவான்? ஒரே கைதில் எத்தனை பேரின் மனம் மாறியிருக்கும் என்று யோசியுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோர் பிரச்சினைக்கும் மீள்குடியேற்றத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. பெர்மிட் கணவன் பெயரில் இருக்கிறது. அவர் 2009 மேயில் ராணுவத்திடம் கையளிக்கப்பட்டார், அதற்குப் பிறகு தகவல் இல்லை. காணியை மனைவி பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் கேட்பார்கள். அதை வாங்கினால் அவர் செத்துவிட்டார் என்று தானே கையெழுத்து வைத்தது போல ஆகும். வாங்கமாட்டேன் என்று எத்தனையோ பெண்கள் இருந்துவிட்டார்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணத்தைச் சொல்லாமல் "காணவில்லை" என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் வந்தது. அதை வைத்துச் சில வேலைகளைச் செய்யலாம். ஆனால் பல அலுவலகங்களில் மேசையில் இருப்பவருக்கே அது என்னவென்று தெரியாது.

2018இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோய்விட்டார்கள்.

அரச காணியின் வாரிசுரிமையில் மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுக்கும் பழைய ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த வன்னிக்கு இது மிகவும் பிந்தி வந்தது.

திரும்பிப் போக விருப்பமில்லை என்றால்?

போகாமல் இருக்கலாம், அதுவும் உரிமைதான். இலங்கை அமைச்சரவை 2016இல் ஏற்றுக்கொண்ட நிரந்தரத் தீர்வுக் கொள்கையிலும் இது இருக்கிறது. இருக்கும் இடத்தில் நிலைப்பதாலோ வேறிடத்தில் குடியேறுவதாலோ சொந்தக் காணியின் உரிமை போகாது. மூத்தவர்கள் ஊருக்குப் போகத் துடிப்பதும், டவுனில் வளர்ந்த பிள்ளைகள் வர மறுப்பதும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. கிழமை நாட்களில் யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமை ஊரில் வளவு துப்புரவு என்று பாதி வழியில் வாழ்பவர்களும் உண்டு.

நல்லிணக்க நிகழ்ச்சிகளால் பலன் உண்டா?

மும்மொழிப் பாட்டு, கிரிக்கெட் போட்டி, தெற்கிலிருந்து பஸ்ஸில் மாணவர் வருகை. கெடுதல் இல்லை, பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் பந்தலுக்குப் பின்னால் ராணுவ வேலி இருக்கும்போது பாட்டு எடுபடாது. ஒரு மீன்பிடிச் சங்கத்தில் திரும்பி வந்த முஸ்லிமுக்கு அங்கத்துவம் கொடுப்பது, கிணற்றுப் பங்கைப் பழையபடி விடுவது போன்றவற்றில்தான் எனக்கு நம்பிக்கை.

2021இல் ஒரு சோதனை வந்தது. கொவிட்டால் இறந்தவர்களை எல்லாம் கட்டாயமாக எரித்துவந்த அரசாங்கம், முஸ்லிம்களைப் புதைக்க இரணைதீவைத் தெரிவுசெய்தது. அப்போதுதான் திரும்பியிருந்த தீவு மக்கள் எதிர்த்தார்கள். இரண்டு தரப்பையும் மோதவிடக் கச்சிதமான ஏற்பாடு அது. உடல்கள் பின்னர் ஓட்டமாவடிக்குப் போயின. தீவுக்காரரின் கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் "எங்கள் தீவில் வேண்டாம்" என்பதற்கும் "அவர்களை எரிக்காமல் அவர்கள் ஊரிலேயே புதைக்க விடுங்கள்" என்பதற்கும் தூரம் அதிகம். இரண்டாவதையும் சேர்த்துச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரில் காணி கிடக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில், கிடக்க விடாதீர்கள். 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு வர்த்தமானி வந்தது. 3 மாதத்தில் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றமும் இடைக்கால உத்தரவு கொடுத்தது, அரசாங்கம் அதை மீளப்பெற்றது. அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று இருக்க முடியாது.

உறுதியின் பிரதியைக் காணிக் கந்தோரில் எடுத்து வையுங்கள். நம்பகமான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து எல்லை போட்டு வேலி அடையுங்கள். தகப்பன் பெயரிலேயே இருந்து ஆறு சகோதரருக்கு ஆறு நாட்டில் பங்கு இருந்தால், பிரிவிடல் உறுதியை முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். காணியில் யாராவது குடியிருந்தால் சட்டத்தரணியின் கடிதத்தை அனுப்புமுன் ஆளை அனுப்பிப் பேசுங்கள், குத்தகையாக எழுதிக்கொள்ளலாம். அவருக்கும் ஒரு கடதாசி கிடைக்கும், உங்கள் உரிமையும் நிற்கும். விற்பதானால் பக்கத்து வளவுக்காரரிடம் முதலில் கேளுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு, அதாவது கூட்டு உரிமையாளருக்கு, முதலில் வாங்கும் முன்கொள்வனவு உரிமையும் உண்டு. அவருக்குத் தெரியாமல் கொழும்பில் விற்றால் அதே வேலியில் இன்னொரு வழக்கு தொடங்கும்.